வேலை நெருக்கும் காலத்தில் சொந்த இலக்கைக் கைவிடாமல் இருப்பது எப்படி?

வீடும் வேலையும் நேரத்தை முழுதாக விழுங்கும்போது, நமக்கென்று வைத்துக்கொண்ட இலக்கை எப்படித் தொடர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காட்பாடியில் வசிக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சோழர் காலக் கல்வெட்டைப் பிறர் துணையின்றிப் படிக்க வேண்டும் என்பது ஆறு ஆண்டுகளாக என் இலக்கு. இடையில் இரண்டு முறை அது அடியோடு நின்றுபோனது.

முதல் முறை நின்றதற்குப் பேராசையே காரணம். கல்வெட்டு, நடைப்பயிற்சி, இந்தி ஆகிய மூன்றையும் ஒரே பொங்கலன்று தொடங்கினேன். மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை வந்ததும் மூன்றும் சேர்ந்தே கவிழ்ந்தன. இரண்டாம் முறை, அம்மாவின் உடல்நலக் குறைவால் இரண்டு மாதம் நோட்டைத் திறக்க முடியவில்லை. அதில் தவறில்லை. ஆனால், விட்டதை ஈடுகட்டுவதாக எண்ணி ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து, தலைவலியோடு எழுந்தேன். அதற்குப் பின் நான்கு மாதம் அந்த நோட்டைப் பார்க்கவே கசந்தது. அந்த இரண்டு மாத இடைவெளியைவிட இந்த ஒரு ஞாயிறுதான் அதிகம் கெடுத்தது.

அதன் பிறகு மற்ற இரண்டையும் கைகழுவிவிட்டு, கல்வெட்டுக்கு மட்டும் ஓர் அளவு வைத்தேன்: கோயிலில் கைப்பேசியில் எடுத்துவந்த படத்திலிருந்து நாளுக்கு ஒரு வரி. திருவலம் வழியாகச் செல்லும் காலைப் பேருந்தில், பொன்னையாற்றைத் தாண்டுவதற்குள் அதை எழுத்தெழுத்தாகப் பெயர்த்து எழுத வேண்டும். ஒரு வரிதானே என்று நினைக்க வேண்டாம். அக்காலக் கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ‘கொ’, ‘கோ’ இரண்டுக்கும் ஒரே வடிவம். துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்தறியக் கண் பழக வேண்டும். ‘பள்ளிப்படை’ (இறந்த அரசரின் சமாதியில் எழுப்பும் கோயில்) என்ற சொல் ‘பளளிபபடை’ என்று நிற்கும்போது, எங்கே புள்ளி வைப்பது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு வரியும் ஓடாது. அப்போது நான்கு எழுத்து போதும் என்பதைத் தை மாதத்திலேயே முடிவு செய்துவிடுவேன். நெருக்கடி வந்த பிறகு அளவைக் குறைத்தால் அது தோல்வியாகத் தோன்றும். முன்பே குறித்து வைத்திருந்தால் அப்படித் தோன்றுவதில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருக்கும்படி பலர் அறிவுரை சொல்வார்கள். மே மாதத்து வேலூரில், மின்விசிறிக் காற்றே சுடும் இரவில், இரண்டு மணிக்குத்தான் கண் அயர்கிறது என்பதை அவர்கள் அறியார் போலும்.

சென்ற ஆண்டு கணக்கு முடித்த கையோடு மேல்பாடிக்குப் போனேன். இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக எடுப்பித்த கோயில் அங்கே இருக்கிறது. அதன் கல்வெட்டு, 1899இல் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சாகியுள்ளது. அந்த அச்சுப் பாடத்தைப் பார்க்காமல் கல்லில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனதில், ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’, அதாவது ஆற்றூரில் இறந்த அரசர், என்ற தொடர் பிடிபட்டது. வெயில் ஏறிவிட்டதால் அடுத்த வரியைப் படமெடுத்துக்கொண்டு திரும்பினேன். அதில் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது.