கல்லாப் பணம் யாருடையது? சிறுதொழில் தொடங்குவோருக்குக் கேள்வி பதில்

சிறுதொழில் தொடங்குகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். கோவையில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதி, வரித் தாக்கல் செய்து கொடுப்பது என் பிழைப்பு. எனவே மேடைப் பேச்சாளர் தரும் உற்சாகத்தை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் ஊரும் தொழிலும் மட்டும் இருக்கும்.

வீட்டில் இட்லிப் பொடி தயாரித்து 12 கடைகளுக்குப் போடுகிறேன். மாதம் 300 பொட்டலம் போகிறது. 200 கிராம் பொட்டலத்துக்கு மளிகை 42 ரூபாய், பையும் லேபிளும் 6 ரூபாய். கடைக்கு 65க்குக் கொடுக்கிறேன், விலை 80. பொட்டலத்துக்கு 17 ரூபாய் லாபம் வர வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. எங்கே போகிறது? (ஈரோடு)

அம்மா, 17 ரூபாய் லாபம் இல்லை. மளிகையும் பையும் போக மிச்சம், அவ்வளவுதான். அதிலிருந்து இன்னும் கழிக்க வேண்டும். எரிவாயுவும் அரைப்புக் கூலியும் 4 ரூபாய் என்று வைப்போம். கடை கடையாக வண்டியில் கொண்டுபோகும் பெட்ரோல் 3 ரூபாய். நூற்றுக்கு எட்டுப் பொட்டலம் தேதி முடிந்து திரும்பி வருவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நட்டத்தை விற்றவற்றின் மேல் போட்டால் ஒன்றுக்கு 4 ரூபாய். மிச்சம் 6.

இனி நீங்கள் விட்டுவிட்ட செலவுக்கு வருகிறேன். வறுப்பது, ஆற வைப்பது, அடைப்பது, ஒட்டுவது என்று மாதம் எட்டு நாள் போவதாகச் சொல்கிறீர்கள். வேறொருவரை வைத்திருந்தால் நாளுக்கு 400 ரூபாய் கொடுத்திருப்பீர்கள் அல்லவா? 3,200 ரூபாயை 300 பொட்டலத்துக்குப் பிரித்தால் சுமார் 11. ஆக, ஒவ்வொரு பொட்டலத்திலும் 5 ரூபாய் நட்டம். அதை உங்கள் கூலியால் நீங்களே ஈடுகட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கையில் பணம் இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைக்காரர்கள் விற்ற பிறகு தருகிறார்கள். அதற்கு ஒன்றரை மாதம் ஆகிறது. மாத விற்பனை 19,500 என்றால், எந்த நாளில் பார்த்தாலும் 29,000 ரூபாய் அளவுக்கு உங்கள் பணம் அந்தப் பன்னிரண்டு கடைகளில் நிற்கிறது. அடுத்த மாத உளுந்தை வீட்டுச் செலவுப் பணத்தில் வாங்குகிறீர்கள்.

கடைகளைப் பாதியாகக் குறையுங்கள். பணத்தை உடனே தருபவர்களுக்கு மட்டும் போடுங்கள். மீதிப் பாதியைத் தெரிந்த வீடுகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் 80க்கே நேரடியாக விற்றால், திரும்பி வருவதும் குறையும். உங்கள் கூலி போக 4 ரூபாய் போல மிஞ்சும். விற்பனையைக் கூட்டுவது அதற்குப் பிறகு. இன்று இருக்கிற கணக்கில் 600 பொட்டலம் போட்டால் நட்டமும் இரு மடங்காகும்.

வீட்டுச் சமையலறையில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். அதன் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். உங்கள் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். ஐந்தாயிரம் லேபிள் அச்சடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர்.

நண்பனும் நானும் சேர்ந்து மொபைல் கடை போடுகிறோம். அவன் 6 லட்சம், நான் 2 லட்சம் போடுகிறோம். ஆனால் முழு நேரமும் நான்தான் கடையில் இருப்பேன். பத்திரம் எழுதினால் நட்பைச் சந்தேகிப்பதாகாதா அண்ணா? (மதுரை)

எழுதாவிட்டால் 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் உங்களுக்காக எழுதிவைத்திருப்பது செல்லும். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எவ்வளவு போட்டிருந்தாலும் லாப நட்டம் சரிபாதி. 6 லட்சம் போட்டவருக்கு இது வயிற்றெரிச்சல். அதே சட்டப்படி, கடையில் உழைக்கும் பங்காளிக்குத் தனியாகச் சம்பளமும் இல்லை. இது உங்களுக்கு. கடைப் பெயரில் அவர் வாங்கும் கடனுக்கு நீங்களும் முழுப் பொறுப்பு.

பங்கு, சம்பளம், ஒருவர் விலகினால் சரக்கை எப்படி மதிப்பிடுவது, யார் கையெழுத்தில் பணம் எடுப்பது ஆகிய நான்கையும் எழுதி, கூட்டு நிறுவனங்களுக்கான பதிவாளரிடம் பதியுங்கள். பதியாத கூட்டு நிறுவனம், தனக்குப் பணம் தர வேண்டியவர் மீது வழக்குப் போட முடியாது. நட்பைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பார்த்தவரை, எழுதிவைத்ததால் முறிந்ததை விட எழுதாமல் முறிந்தவையே அதிகம்.

பத்து பவர் டேபிள் (மின் தையல் இயந்திரம்) போட்டு, நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுக்கிறேன். என் வேலையில் முக்கால்வாசி ஒரே நிறுவனத்துக்கு. பில்லுக்குப் பணம் வர 100 நாள் ஆகிறது. நான் வாரம்தோறும் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். கேட்டால் அடுத்த ஆர்டர் வராதோ என்று பயம். (திருப்பூர்)

உங்கள் பயம் நியாயமானதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். 90 நாள் என்று இருவரும் கையெழுத்திட்டிருந்தாலும் 45க்கு மேல் செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டி. இதற்கு உத்யம் என்னும் அரசின் சிறுதொழில் பதிவு வேண்டும். பதிவு இலவசம், ஆதார் இருந்தால் இணையத்தில் நீங்களே முடிக்கலாம். சரக்கு அனுப்பிய பிறகு பதிந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை கொடுத்ததாகும், இன்றே முடித்துவிடுங்கள்.

வட்டிக்குப் பயப்படாத நிறுவனங்கள்கூட ஒன்றுக்கு அசைகின்றன. 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரி விதி ஒன்று வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலக்கெடுவுக்குள் தராத தொகையை, தருகிற ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். ஆகவே மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடியும் முன், ஜனவரி, பிப்ரவரியில் உத்யம் சான்றிதழின் நகலை அவர்கள் கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். முதலாளியிடம் கெஞ்சுவதை விட அவருடைய ஆடிட்டருக்கு ஒரு தாள் போய்ச் சேருவது பலன் தரும்.

பணம் தாமதமாவது பற்றி அரசின் சிறுதொழில் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் அது அந்த வாடிக்கையாளரை விட்டுவிடுவது என்று முடிவெடுத்த பிறகு செய்கிற வேலை. அதற்கு முன் டெலிவரி சலான் ஒவ்வொன்றிலும் பீஸ் எண்ணிக்கையோடு கையெழுத்து வாங்குங்கள். செக்கிங்கில் கழித்ததை அதே வாரத்தில் எழுத்தில் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து ‘200 பீஸ் டேமேஜ்’ என்று பில்லில் வெட்டுவார்கள், அப்போது உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது.

உண்மையான தவறு தாமதத்தில் இல்லை, அந்த முக்கால்வாசியில் இருக்கிறது. பீஸ் ரேட் சற்றுக் குறைந்தாலும் வாரப் பணம் தரும் சிறிய உள்ளூர் வியாபாரிகள் இருவரைப் பிடியுங்கள். சனிக்கிழமைக் கூலி அங்கிருந்து வரட்டும்.

தொடங்கும்போதே ஜிஎஸ்டி எடுத்தால் மதிப்பு கூடும் என்கிறார்கள். எடுக்கலாமா? (சேலம், தஞ்சாவூர், இன்னும் சிலர்)

மதிப்புக்காக எடுக்காதீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரையும், சேவைக்கு 20 லட்சம் வரையும் கட்டாயமில்லை. வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால், சில கைவினைப் பொருட்கள் நீங்கலாக, முதல் ரூபாயிலிருந்தே வேண்டும். உங்களிடம் வாங்குவோர் ஜிஎஸ்டி உள்ள நிறுவனங்கள் என்றாலும் எடுப்பது நல்லது. கட்டிய வரியை அவர்கள் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர்களுக்கு விற்பவருக்கு அந்தப் பயன் இல்லை.

எடுத்துவிட்டால் வியாபாரமே நடக்காத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். இதை விடப் பெரிய சிக்கல், வசூலித்த வரி கல்லாவில் கிடப்பதால் அதைத் தன் பணம் என்று நினைத்துச் சரக்கு எடுத்துவிடுவது. வரி மட்டும் போய் உட்கார ஒரு தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் 8 லட்சம் இருக்கிறது. பேக்கரிக்கு இடம் பார்த்துவிட்டேன். முன்பணம் 2 லட்சம், உள் அலங்காரம் 5 லட்சம். சரியா? (திருச்சி)

கடை திறக்கும் அன்று கையில் ஒரு லட்சம். ஆறு மாத வாடகையும் சம்பளமும் வங்கியில் இல்லாமல் திறக்காதீர்கள். அடுப்பையும் கண்ணாடிப் பெட்டியையும் பயன்படுத்தியதாக வாங்கலாம். மூடிய பேக்கரிகளின் சாமான்கள் எல்லா ஊரிலும் விற்பனைக்கு வருகின்றன. அவர்களும் 5 லட்சத்துக்கு அலங்காரம் செய்தவர்கள்தான்.

இடத்தைப் பற்றி ஒன்று. மாலை ஐந்தரை மணிக்குப் போய் எதிரே நின்று பாருங்கள். பப்ஸும் ரொட்டியும் வாங்குகிறவர்கள் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். கடை அவர்கள் வீடு திரும்பும் பக்கத்தில் இருக்கிறதா, அலுவலகம் போகும் பக்கத்தில் இருக்கிறதா? நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் காலைப் பக்கத்துக் கடைக்கு யாரும் சுற்றி வர மாட்டார்கள். வாடகை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் கேட்பார்கள்.

மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா என்று பழைய ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்திப் பிடிபட்டால், மின்சாரச் சட்டப்படி உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடுவார்கள்.

தள்ளுவண்டியில் பழக்கடை. தினத் தண்டல்தான் வாங்குகிறேன். 10,000க்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். பெரிய வட்டியாகத் தெரியவில்லையே? (வேலூர்)

அப்படித் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அதைத் தினம் 100 ரூபாயாக வைத்திருக்கிறார்கள். 8,500 முழுதாக உங்களிடம் இருப்பது முதல் நாள் மட்டுமே. ஐம்பதாவது நாளில் பாதியைத் திருப்பித் தந்திருப்பீர்கள். சராசரியாக உங்களிடம் இருப்பது 4,250. அதற்கு 100 நாளில் வட்டி 1,500. ஆண்டுக் கணக்கில் 125 சதவீதத்தைத் தாண்டுகிறது.

மாநகராட்சியின் தெருவோர வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வாங்கி, தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் ஸ்வநிதிக் கடன் திட்டத்தில் விண்ணப்பியுங்கள். 2025இல் மாற்றியமைத்தபடி முதல் கடன் 15,000 வரை, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. வட்டியில் 7 சதவீதம் மானியமாகத் திரும்பி வரும். முதல் கடனே பெரிதாக வேண்டுவோருக்கு முத்ரா என்ற அரசுக் கடன் திட்டம் உண்டு. சிசு என்ற முதல் பிரிவில் 50,000 வரை, அடமானம் கிடையாது.

மானியத்தோடு 20 லட்சம் வாங்கித் தருகிறேன், முன்பணம் 40,000 கொடு என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா சார்? (விழுப்புரம்)

கொடுக்காதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை. மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போனால் விளக்குவார்கள். மானியம் உங்கள் கைக்கு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாகக் கிடந்து, தொழில் நடப்பதைச் சரிபார்த்த பிறகு கடனில் கழிக்கப்படும். நடுவில் மூடினால் போயிற்று.

குலதெய்வத்தின் பெயரில் ஊறுகாய் விற்கிறேன். வணிகக் குறி பதியலாமா? (நெல்லை)

பதிய விண்ணப்பிக்கலாம், தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய். ஆனால் எல்லோரும் வைக்கும் சாமி பெயரைக் காப்பாற்றுவது கடினம். வணிகக் குறிப் பதிவகத்தின் தளத்தில் முதலில் தேடிப் பாருங்கள். முன்னரே ஒருவர் அதே பெயரில் உணவுப் பொருள் விற்றுவந்தால், லேபிளை மாற்றும் செலவு உங்களுடையது.

தையல் கடையை மூடி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இப்போது ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது. கடையே இல்லையே? (கரூர்)

ஷட்டரை இறக்கினீர்கள், பதிவை இறக்கவில்லை. உங்கள் எண் உயிரோடு இருக்கும்வரை தாக்கல் எதிர்பார்க்கப்படும். நிலுவையில் உள்ள தாக்கல்களை முடித்து, ரத்துக்கு விண்ணப்பியுங்கள். அதிகாரி தாமாகவே ரத்து செய்திருந்தால் அந்த ஆணையின் தேதியைப் பாருங்கள். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கு ஒன்று தனியாகக் கொடுக்க வேண்டும். அதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். நோட்டீஸின் நகலையும் கடைசியாகத் தாக்கல் செய்த மாதத்தையும் அனுப்புங்கள், எவ்வளவு வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.