ஸ்ட்ரக்சுரல் டிசைனுக்கு எவ்வளவு கேட்பது?

கோவையில் 18 வருடங்களாகக் கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன், அதாவது அஸ்திவாரம், தூண், பீம் எல்லாம் பாரத்தைத் தாங்கும்படி கணக்குப் போட்டு வடிவமைக்கும் வேலை செய்கிறேன். கட்டணம் பற்றி இளைய பொறியாளர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: சார், புதிதாக ஆபீஸ் போட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் சதுர அடிக்கு 8 ரூபாய்தான் வாங்குகிறார்கள். நானும் அதையே கேட்கவா?

முதலில் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள், தம்பி. வாடகை, சாப்ட்வேர், டிராயிங் போடுபவர் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 90,000 ரூபாய் வேண்டும் என்று வைப்போம். 200 மணி நேரம் உழைத்தாலும் பில் போட முடிவது பாதிதான். மீதி அலைச்சலிலும் போனிலும் போய்விடும். ஆக மணிக்கு 900. 1,500 சதுர அடி வீட்டுக்கு டிசைன், டிராயிங், சைட் விசிட் எல்லாம் 30 மணி நேரம் என்றால் 27,000, அதாவது சதுர அடிக்கு 18 ரூபாய். லாபம் இன்னும் சேரவில்லை. 8 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் எதையாவது விட்டாக வேண்டும், பெரும்பாலும் சைட் விசிட்டைத்தான் விடுவார்கள். கான்கிரீட் போடும் முன் கம்பியைப் போய்ப் பார்க்காத வேலைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கேள்வி: சித்தப்பா வீடு கட்டுகிறார். காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மனசு வரவில்லையென்றால் கேட்காதீர்கள். ஆனால் மண் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்தச் செலவை அவரே கொடுக்கட்டும்.

கேள்வி: பில்டர் ஒருவர் ஒரே மாதிரி 20 வில்லா கட்டுகிறார். பாதி ரேட் கேட்கிறார்.

டிசைன் திரும்ப வருகிறது, குறைப்பது நியாயம்தான். நான் முதல் வில்லாவுக்கு முழுக் கட்டணமும் மற்றவற்றுக்குக் கால் பங்கும் வாங்குகிறேன். அஸ்திவாரத்துக்கும் சைட் விசிட்டுக்கும் குறைப்பதில்லை. ஒரே லேஅவுட்டில் ஒரு பக்கம் கரிசல், இன்னொரு பக்கம் செம்மண் என்று பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கம்பெனிகள் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கின்றன. அதைக் கட்டணத்தில் ஏற்றலாமா?

வேண்டாம். டிடிஎஸ் என்பது பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரி, அது உங்கள் வருமான வரியில் கழிந்துவிடும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதத்தை மட்டும் தனியாக எழுதுங்கள்.

கேள்வி: வேலை முடிந்து 7 மாதம் ஆகிறது, பில்டர் பணம் தரவில்லை.

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு இருக்கிறதா? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு நிறுவனச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. மாநிலத்தில் இதற்கென இருக்கும் கவுன்சிலில் முறையிடலாம். வேலை எடுக்கும் முன்பே பதிவு செய்திருப்பது முக்கியம். எனக்கும் ஒருவர் இப்படிப் பாக்கி வைத்தார், பதிவு இல்லாததால் கடைசிவரை வரவில்லை. அப்புறம்தான் முன்பணம் வாங்காமல் அஸ்திவார டிராயிங்கைக் கொடுப்பதை நிறுத்தினேன்.