டாப்-அப் கடனோடு கெய்ரோவுக்குப் போகாதீர்கள்

கேள்வி: மேல்விஷாரத்தில் அம்மாவோடு இருக்கிறேன். வயது 27, பி.காம். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்டேஷன் வேலை. கைக்கு வருவது 38,000. வீட்டுக்கு 14,000, என் சொந்தச் செலவு 3,500. மூன்று வருஷத்துக்கு முன் அக்கா கல்யாணத்துக்கு 3 லட்சம் பர்சனல் லோன் வாங்கினேன் (15 சதவீதம், 36 மாதம், தவணை 10,400). மச்சான் தோல் மண்டி வைத்திருக்கிறார். அவருக்குப் பணம் முடைப்பட்டபோது வருஷத்துக்கு ஒரு முறை டாப்-அப் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது டாப்-அப் போன மாதம். அவர் இதுவரை திருப்பித் தந்தது 40,000. என்னிடம் சேமிப்பு 1,60,000 இருக்கிறது. கெய்ரோவில் ஒரு வருஷம் தங்கி அரபி படிக்க ஆசை. டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, தினம் 2 மணி நேர வகுப்பு எல்லாம் சேர்த்து 4,80,000 என்கிறார் ஏஜென்ட். 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதிக்கு அம்மாவின் 12 பவுனை அடகு வைக்கலாமா, அல்லது ஏஜென்ட் சொல்கிற 'நோ காஸ்ட் இஎம்ஐ' எடுக்கலாமா? வட்டி இல்லை என்பதால் அம்மாவுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. நான் ஊரில் இல்லாதபோது பழைய லோன் தவணையை மச்சான் கட்டிக்கொள்வதாகச் சொல்கிறார். யூலிப் (முதலீடும் சேர்ந்த காப்பீடு) போட்டுச் சேர்க்கலாம் என்கிறான் ஒரு நண்பன். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, அடகா இஎம்ஐயா என்பது அப்புறம். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போன டாப்-அப்பிலிருந்து தொடங்குவோம்.

முதலில் வாங்கிய 3 லட்சத்துக்கு மாதம் 10,400 வீதம் 36 தவணை, மொத்தம் 3,74,400. அந்தத் தொகையை நீங்கள் இதுவரை கட்டி முடித்துவிட்டீர்கள். டாப்-அப் எடுக்காமல் இருந்திருந்தால் அக்கா கல்யாணக் கடன் போன மாதமே தீர்ந்திருக்கும். இன்றைக்கோ உங்கள் பெயரில் மறுபடியும் 3 லட்சம், மறுபடியும் 36 தவணை.

ஒவ்வொரு வருஷமும் நடந்தது இதுதான். 12 தவணையில் 1,24,800 கட்டினீர்கள். அதில் வட்டி சுமார் 39,300, அசல் கழிந்தது 85,500. பாக்கி 2,14,500க்கு இறங்கியதும் 'உங்களுக்கு முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட கடன்' என்று மெசேஜ் வந்திருக்கும். டாப்-அப் என்றால் பழைய கடனை மூடிவிட்டு 3 லட்சத்துக்குப் புதுக் கடன் போடுவது. பிராசசிங் கட்டணத்தைக் கூடுதலாகக் கிடைக்கும் 85,500க்குப் போடமாட்டார்கள், முழு 3 லட்சத்துக்குப் போடுவார்கள். 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் என்றால் 7,080. மச்சான் கைக்குப் போனது 78,400தான். மூன்று முறைக்கு ஏறக்குறைய 2,35,000. திரும்பி வந்த 40,000 போக 1,95,000 நிற்கிறது. வட்டியும் கட்டணமுமாக நீங்கள் கொட்டியது 1,39,000. மச்சானுக்கு இந்த இரண்டாவது தொகை தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன். அவர் கணக்கில் உங்களுக்குத் தர வேண்டியது 1,95,000. உங்கள் கணக்கில் நஷ்டம் அதைவிட எவ்வளவோ அதிகம்.

மச்சானைக் குற்றவாளி ஆக்கச் சொல்லவில்லை. மண்டி வியாபாரத்தில் சரக்குக்கு ரொக்கம் முன்னால் போகிறது, வசூல் இரண்டு மூன்று மாதம் கழித்து வருகிறது. வியாபாரம் நடக்கும் வரை அந்த இடைவெளி இருக்கும். அதை ஒரு சம்பளக்காரரின் பர்சனல் லோனால் அடைக்க முடியாது. நான்காவது டாப்-அப்பும் கேட்பார். அவருக்கு ஜிஎஸ்டி பதிவும் வங்கி வரவு செலவும் இருந்தால் அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை கேட்கலாம். வியாபாரக் கடனை வியாபாரத்தின் பெயரில் அவர் வாங்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, அம்மாவும் அக்காவும் பக்கத்தில் இருக்கும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுவது. 1,95,000க்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு புரோநோட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'சொந்தத்துக்குள் நோட்டா?' என்று அம்மா கேட்பார். கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக இல்லை. எழுதாத கைமாற்றுக்கு ஆளுக்கொரு கணக்கு இருக்கும். பிற்பாடு உறவைக் கெடுப்பது அதுதான். நோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம், அதற்குள் கொஞ்சமாவது வரவு வைத்துக் கையெழுத்து வாங்கிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு, இனி டாப்-அப் அழைப்போ மெசேஜோ வேண்டாம் என்று மெயில் போடுங்கள். ஆப்பையும் போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தவணையை மச்சான் கட்டுவார் என்பதை அடியோடு மறந்துவிடுங்கள். பணம் எடுக்கும் அனுமதி உங்கள் வங்கிக் கணக்கின் மேல் இருக்கிறது. 5ஆம் தேதி எடுக்க வேண்டிய தவணைக்கு அவர் 9ஆம் தேதி பணம் போட்டால் அது ரிட்டர்ன்தான். அபராதம் வங்கியும் போடும், கடன் நிறுவனமும் போடும், சிபில் மதிப்பெண் இறங்குவது உங்களுக்கு. கெய்ரோவில் உட்கார்ந்துகொண்டு இதைச் சரிசெய்ய முடியாது.

இனி கெய்ரோ. நீங்கள் போட்ட கணக்கில் 4,80,000 மட்டும் இருக்கிறது. ஒரு வருஷச் சம்பளம் 4,56,000 வராது. நகைக்கடன் 9.5 சதவீதம் என்றாலும் வட்டி 45,000. ஆக இந்தப் படிப்பின் விலை 9,80,000. திரும்பி வந்ததும் சம்பளம் மாதம் 15,000 கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். போட்டதை எடுக்க ஐந்தரை வருஷம் ஆகும். அந்த 15,000 வருமா என்பதைக் கம்பெனியில் இப்போதே கேளுங்கள்: ஜித்தா, துபாய் பையர்களோடு நேரடியாக அரபியில் பேசுகிற ஆள் உங்களுக்குத் தேவையா, அவருக்கு என்ன கொடுப்பீர்கள் என்று. ஷிப்பிங் பில்லும் பேக்கிங் லிஸ்ட்டும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. இப்போது இருக்கும் நாற்காலியில் அரபிக்குக் கூடுதல் சம்பளம் கிடைக்காது.

அதைவிட அவசரமான ஓட்டை ஒன்று இருக்கிறது. நீங்கள் போன பிறகும் அம்மாவுக்கு மாதம் 14,000, தவணை 10,400, ஆக 24,400 வேண்டும். சேமிப்பு 1,60,000 ஏழாவது மாதத்தில் காலி. எட்டாவது மாதம் யார் கொடுப்பார்கள்? வருஷக் கடைசியில் நகைக்கடன் அசலும் வட்டியும் 5,15,000 ஒரே தொகையாக வந்து நிற்கும். கட்ட முடியாமல் வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைப்பீர்கள். அது டாப்-அப்பின் அண்ணன்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'யை வட்டியில்லாக் கடன் என்று அம்மாவிடம் யாரோ நன்றாக விற்றிருக்கிறார்கள். ஏஜென்ட்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மொத்தத்தையும் ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்? 40,000 குறைப்பேன் என்றால் அந்த 40,000தான் வட்டி. நிஜமாகவே வட்டி வேண்டாம் என்றால் சில ஊர்களில் ஜமாஅத் பைத்துல்மாலில் (பொது நிதியில்) நகை ஈட்டின் மேல் வட்டியில்லாமல் கொடுக்கிறார்கள். தொகை சிறியது, தவணையும் குறுகியது. இந்த அளவுக்குப் போதாது. கல்விக்கடன்? பட்டம், பட்டயப் படிப்புக்குத் தருவார்கள். மொழிப் பயிற்சிச் சான்றிதழுக்கு வங்கிகள் பொதுவாகத் தருவதில்லை. யூலிப்பில் ஐந்து வருஷம் பணத்தைத் தொட முடியாது, நான் கீழே சொல்லும் திட்டத்துக்கோ இரண்டு வருஷத்தில் வேண்டும். நண்பரிடம் அவருக்குக் கிடைக்கும் கமிஷன் எவ்வளவு என்று கேளுங்கள். மாத வட்டி ஆசை காட்டும் எதையும் தொடாதீர்கள். 2022இல் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் அப்படிப் பணம் போட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று உங்கள் தெருவிலேயே சொல்வார்கள்.

படிப்பையே விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. ஆனால் அந்த பேக்கேஜ் மோசமான சரக்கு. தினம் 2 மணி, வாரம் 5 நாள், 48 வாரம் என்றால் 480 மணி நேரம். மணிக்கு 1,000 ரூபாய் விழுகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுகிறவர் அரபியில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 88 வாரம், சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. சிறு வயதில் ஓதக் கற்றிருந்தால் உங்களுக்கு எழுத்தும் உச்சரிப்பும் ஏற்கெனவே வரும். 'அ'னாவிலிருந்து தொடங்கும் வகுப்பில் முதல் 100 மணி நேரத்துக்கு 1 லட்சம் கொடுப்பானேன்?

அந்த அடித்தளத்தை ஊரிலேயே போடலாம். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபி கற்பித்த டாக்டர் வி. அப்துர் ரஹீம் வாணியம்பாடிக்காரர். அரபி பேசாதவர்களுக்காக அவர் எழுதிய மூன்று பாகப் பாடநூலை உலகம் முழுக்க வைத்துப் படிக்கிறார்கள். வேலூர் பாகியாத் அல்லது உமராபாத் அரபிக் கல்லூரியில் ஓதி முடித்த ஒரு ஹஜ்ரத்திடம் (மார்க்க ஆசிரியரிடம்) வாரம் மூன்று நாள் உட்கார்ந்தால் இரண்டு வருஷத்தில் மூன்று பாகமும் முடியும். மாதம் 2,000 ஒதுக்குங்கள். இலக்கணம் நன்றாக வரும், வாய் திறக்காது. அந்தக் குறைக்குத்தான் கெய்ரோ.

அங்கே ஒரு வருஷம் வேண்டாம், நான்கு மாதம் போங்கள். தினம் 4 மணி நேர வகுப்பு, வாரம் 5 நாள், 16 வாரம்: 320 மணி நேரம். பேக்கேஜின் ஒரு வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு இதிலேயே வந்துவிடுகிறது. திட்டமிட டாலரை 90 ரூபாய் என்று வையுங்கள். மாதக் கட்டணம் 300 டாலர், பகிர்ந்து தங்கும் அறை 150, சாப்பாடும் போக்குவரத்தும் 150. நான்கு மாதத்துக்கு 2,400 டாலர், அதாவது 2,16,000. டிக்கெட் 45,000, விசா, காப்பீடு வகையில் 20,000. வீட்டுக்கு 56,000. தவணை நான்குக்கு 41,600; அதைக் கிளம்பும் முன்பே தவணை எடுக்கும் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுப் போங்கள். மொத்தம் சுமார் 3,79,000.

பணம் எங்கிருந்து? சம்பளத்தில் வீடு, சொந்தச் செலவு, தவணை போக 10,100 மிஞ்சுகிறது. ஹஜ்ரத்துக்கு 2,000 போக 8,000 ஆர்.டி. 24 மாதத்தில் 1,92,000, கையிலிருக்கும் 1,60,000, இரண்டுக்கும் வட்டி முப்பதாயிரத்துச் சொச்சம்: சரியாக வந்துவிடும். வட்டி வேண்டாம் என்றால் தனிக் கணக்கில் வெறுமனே சேருங்கள், 28 மாதம் ஆகும். மச்சான் தருவதை இதில் சேர்க்காதீர்கள். வந்தால் அவசரத்துக்கு என்று தனியே வையுங்கள். 24 மாதத்தில் கிளம்பினால், நீங்கள் திரும்பும்போது லோனில் 8 தவணை மட்டும் பாக்கி. நகை அம்மாவிடமே இருக்கும். நான்கு மாதம் என்றால் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்க்கலாம். ஒரு வருஷம் என்றால் உங்கள் இடத்தில் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

இடையில் உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். கத்தார் பல்கலைக்கழகத்தில் அரபி பேசாதவர்களுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. உதவித்தொகை கிடைத்தவருக்குக் கட்டணமும் தங்குமிடமும் அதிலேயே அடங்கும். வயது, கல்வித் தகுதி எல்லாம் அந்தந்த வருஷ அறிவிப்பில் பாருங்கள். 'வாங்கித் தருகிறேன்' என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கெய்ரோவில் காசு வீணாகும் முதல் இடம் வீடு. ஏஜென்ட் பிடித்துத் தரும் ஃபிளாட்டில் ஐந்து பேரும் தமிழ்நாடு, கேரளா என்றால் வகுப்பு முடிந்ததும் அரபி முடிந்தது. மதீனத் நஸ்ர் பகுதியில் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பல நாட்டு மாணவர்கள் இருக்கிறார்கள். உஸ்பெக், துருக்கி, மேற்கு ஆப்பிரிக்க மாணவரோடு அறை எடுங்கள். உங்கள் இருவருக்கும் பொதுவாக அரபி ஒன்றே இருக்கும், வேறு வழியில்லாமல் பேசுவீர்கள். அடுத்தது, தெருப் பேச்சும் பாடநூல் அரபியும் வேறு. வளைகுடா வியாபாரக் கடிதத்துக்கு ஃபுஸ்ஹா எனும் பாடநூல் அரபிதான் வேண்டும்; பள்ளியில் சேரும்போதே வகுப்பு நேரம் அதற்கு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கெய்ரோ பேச்சு வழக்கு காய்கறிக் கடையில் தானாக ஒட்டிக்கொள்ளும். ரமலானில் வகுப்பு நேரம் சுருங்கும், பெருநாளுக்கு விடுமுறை. நான்கில் ஒரு மாதத்தை அப்படி இழக்காதபடி தேதி பாருங்கள். கட்டணத்தை மாதாமாதம் மட்டும் கட்டுங்கள், சேரும் முன் ஆன்லைனில் நிலைத் தேர்வும் ஒரு மாதிரி வகுப்பும் கேளுங்கள். 2024 மார்ச்சில் எகிப்து பவுண்ட் டாலருக்கு 31 என்பதிலிருந்து 50 பக்கம் சரிந்தது. அதனால் எல்லாம் மலிவு என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணத்தைப் பல பள்ளிகள் டாலரில்தான் சொல்கின்றன. பணத்தை இங்கிருந்து வங்கி மூலம் அனுப்பினால் நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் (அனுப்பும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பதில்லை, அந்தக் கவலை வேண்டாம்.

ஏஜென்ட்டிடம் கொடுத்த 10,000க்கு ரசீது இருந்தால், சேரவில்லை என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் போகட்டும். அந்தப் பத்தாயிரம் வீணாகிவிடுமே என்று மீதி 4,70,000த்தைக் கட்டிவிடாதீர்கள்.