கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்?

கேள்வி: என் சிறுகதையில் ‘ஷேக் ஹேண்ட்ஸ் கொடுத்தான்’ என்று எழுதியிருந்தேன். அச்சில் ‘கைகுலுக்கினான்’ என்று வந்திருக்கிறது. எல்லாரும் பேசுவதை எழுதினால் என்ன தவறு? பஸ், டிக்கெட் எல்லாம் உங்கள் இதழில் வரத்தானே செய்கின்றன?

பதில்: மாற்றியது நான்தான். மறுபடி வந்தாலும் மாற்றுவேன். பஸ்ஸும் டிக்கெட்டும் பொருளோடு சேர்ந்து வந்த பெயர்கள். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. கையும் அப்படிக் கப்பலேறி வந்ததா?

ஆங்கிலத்தில் ‘ஷேக்’ என்பதே வினை. அதன் வாலில் ‘கொடுத்தான்’ என்று இன்னொரு வினையைக் கட்டினால், ‘கைகளைக் குலுக்கு கொடுத்தான்’ என்றுதான் ஆகிறது. பெயர்ச்சொல் தேவைப்பட்டால் ஆங்கிலேயர் ‘ஹேண்ட்ஷேக்’ என்று திருப்பிப் போடுவார். நீங்கள் எழுதியது அவர்கள் மொழியிலும் சேராது.

இதைவிட என்னை உறுத்துவது அந்தக் ‘கொடுத்தான்’. 1975 ஜூலை 17 அன்று விண்வெளியில் அப்பல்லோ, சோயூஸ் என்ற இரண்டு விண்கலங்கள் இணைந்தன. இடைக்கதவு திறந்ததும் அமெரிக்காவின் ஸ்டாஃபோர்டும் சோவியத்தின் லியோனோவும் கையை நீட்டிப் பற்றிக்கொண்டார்கள். அங்கே கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்? ஆங்கிலம் ‘ஹேண்ட்ஸ்’ என்று பன்மையில் சொல்வதே அதில் இருவர் கையும் இருப்பதால்தான். ‘கொடுத்தான்’ என்றதும் ஒருவன் வள்ளலாகிவிடுகிறான், மற்றவன் கையேந்துகிறான். ‘கைகுலுக்கிக்கொண்டார்கள்’ என்று எழுதிப் பாருங்கள். அந்தக் ‘கொண்டார்கள்’ இருவரையும் ஒரே தரையில் நிறுத்திவிடும்.

‘கைகுலுக்கு’ என்பதும் ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்ததுதானே என்பீர்கள். இருக்கட்டும். தமிழ் வினையை வைத்துச் செய்ததால்தான் அது கைகுலுக்கிய, கைகுலுக்காமல், கைகுலுக்கல் என்று நம் இழுப்புக்கெல்லாம் வளைகிறது. உங்கள் தொடருக்கோ ஒவ்வோர் இடத்திலும் ஒரு ‘கொடு’ முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

‘கைகொடுத்தான்’ என்று போட்டிருக்கலாமே என்றும் யோசித்தேன். நல்ல சொல், பழகிய சொல். ஆனால் உங்கள் கதையில் இருவரும் பகை தீர்ந்து நிற்கிறார்கள். அந்த இடத்தில் ‘கைகொடுத்தான்’ என்றால் உதவி செய்தான் என்று படிப்பவரும் உண்டு. அதனால் விட்டேன்.

நான்காம் பத்தியில் அந்தச் சிறுவன், ‘ஒரு ஷேக் ஹேண்ட்ஸ் கொடுங்கள் சார்’ என்று கேட்கிறான். அதை நான் தொடவில்லை, பார்த்திருப்பீர்கள். அது அவன் வாய்ச்சொல். கதை சொல்லும் குரல் உங்களுடையது.