சாம்பல் கோட்டைத் தாண்டி வரும் நத்தை: என்ன செய்யலாம்?

கேள்வி: மலையடிவாரத்தில் ஒரு ஏக்கரில் பப்பாளி வைத்திருக்கிறேன். பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் ராத்திரியில் வந்து கன்றுகளைக் கடித்துவிடுகின்றன. சுற்றிலும் சாம்பல் போட்டேன், இரண்டு நாள் நின்றது. தூறல் விழுந்ததும் அதன் மேலேயே ஏறி வந்துவிட்டன. முட்டை ஓடு, கருங்கல் சில்லி எதுவும் கேட்கவில்லை. சிமெண்ட் தொட்டிச் சுவரிலும் செங்குத்தாக ஏறுகின்றன. எதைப் போட்டால் நிற்கும்?

பதில்: நத்தை உங்கள் மண்ணில் நடப்பதில்லை, தான் சுரக்கும் சளியின் மேல்தான் நடக்கிறது. அதனால்தான் கூரான பொருள்கள் அதைத் தடுப்பதில்லை. சில்லியும் முட்டை ஓடும் சளிக்கு அடியில் போய்விடுகின்றன. சவரப் பிளேடின் விளிம்பில்கூடக் காயமில்லாமல் ஊர்ந்து போகும்.

ஒரு நத்தையைக் கண்ணாடித் துண்டில் விட்டு, அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பாதத்தில் கருமையான பட்டைகள் வால் பக்கம் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தலையை நோக்கி ஓடும். அவை தசை அலைகள். அலை போகும் இடத்தில் தசை உரசி நகர்வதால் சளி இளகி வழுக்குகிறது. அலைக்கு இடைப்பட்ட இடத்தில் அதே சளி இறுகி ஒட்டிப் பிடிக்கிறது. தொட்டிச் சுவரில் ஏறுவதும் இலையின் அடியில் தலைகீழாகத் தொங்குவதும் இதனால்தான். தரை வழவழப்போ சொரசொரப்போ, அதற்குப் பெரிய வித்தியாசமில்லை.

அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தச் சளியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். காய்ந்த சாம்பல், சுண்ணாம்புத் தூள், உலர்ந்த மரத்தூள் எல்லாம் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடும். தூள் பாதத்தில் கட்டிகட்டியாக ஒட்டும், நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும், மேலும் மேலும் சளி சுரந்து பார்த்துவிட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடும். மழை பெய்தாலோ பனி இறங்கினாலோ சாம்பல் ஏற்கெனவே நனைந்துவிடுகிறது, உறிஞ்ச அதற்கு இடமில்லை. உங்கள் வயலில் நடந்தது இதுதான். ஆகவே சாம்பலை மழை படாத நாற்றங்காலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் அகலத்துக்குப் போட்டு, நனைந்தால் உடனே மாற்றுங்கள். தண்டில் படக்கூடாது. உப்பை வயலில் கொட்டவே கொட்டாதீர்கள், மண் கெட்டுப்போகும்.

திறந்த வயலில் முதலில் மாற்ற வேண்டியது நீர் பாய்ச்சும் நேரம். சாயங்காலம் பாய்ச்சினால் ராத்திரி முழுக்க அவற்றுக்கு ஈரப் பாதை கிடைக்கிறது. காலையில் பாய்ச்சுங்கள், இருட்டுவதற்குள் மேல்மண் காயட்டும். கன்றைச் சுற்றிக் களையும் இலைதழை மூடாக்கும் நெருக்கமாக இருக்க வேண்டாம்.

அப்புறம், பிடிக்கிற வேலை. உண்மையில் எண்ணிக்கையைக் குறைப்பது இதுதான். நத்தைக்குச் சளி சுரப்பது உடம்புக்குப் பெரிய செலவு என்பதால், முன்னால் போன நத்தையின் தடத்திலேயே பின்னால் வருவதும் போகும். காலையில் மின்னும் கோடுகளைப் பாருங்கள், அவை எந்த வரப்பிலிருந்து, எந்தக் கல் குவியலிலிருந்து வருகின்றன என்று தெரியும். அந்த வழியில் நனைத்த சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். விடியற்காலையில் சாக்கைத் தூக்கினால் கூட்டமாக இருக்கும். உப்பு கரைத்த வாளித் தண்ணீரில் போட்டுச் சாகவிட்டு, பிறகு குழியில் புதையுங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் பலன் நிற்கும், ஏனென்றால் ஒரு நத்தை ஒரு தடவைக்கு 100 முட்டைக்கு மேலும் இடும். மண்ணைக் கிளறும்போது வெளிர்மஞ்சள் முட்டைக் குவியல் தென்பட்டால் நசுக்கிவிடுங்கள். கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மட்டைக் குவியலிலும் கல் இடுக்கிலும் தூங்கும். மழைக்கு முன் அங்கே தேடிப் பொறுக்குவது நல்லது.

நத்தையைக் கொல்லும் மருந்தான மெட்டால்டிஹைடு குருணை கடைசி வழிதான். நாய்க்கும் கால்நடைக்கும் அது விஷம், அவை திரியும் தோட்டத்தில் வேண்டாம்.

கையுறை இல்லாமல் நத்தையைத் தொடாதீர்கள். மூளையுறையைத் தாக்கும் எலி நுரையீரல் புழு இதன் உடம்பில் இருக்கலாம். குழந்தைகளைப் பொறுக்க அனுப்பாதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.