மிளகாய்த்தூள் லேபிளுக்கு மிளகாய்ச் சாக்கைப் பாருங்கள்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தபடியே அழைப்பிதழ், கேக் பெட்டி, லேபிள் என்று வடிவமைத்துக் கொடுக்கிறேன். உறவினர் ஒருவர் யாழ்ப்பாணத் தூள் தயாரித்துப் பைக்கற்றில் விற்கத் தொடங்கியிருக்கிறார். அதற்கு லேபிள் கேட்கிறார். ஒரு வாரமாகப் பின்ட்ரெஸ்டில் தேடுகிறேன். எதைச் செய்தாலும் எங்கேயோ பார்த்த மாதிரியே வருகிறது. வாடிக்கையாளர்களும் அங்கிருந்தே ஒரு படத்தை அனுப்பி "இதே மாதிரி" என்கிறார்கள். புது யோசனைக்கு எங்கே போவது?

பதில்: எங்கேயோ பார்த்த மாதிரி வராமல் என்ன செய்யும்? பார்த்துவிட்டுத்தானே செய்கிறீர்கள். பின்ட்ரெஸ்டில் ஒரு மசாலாப் பைக்கற்றைத் தொட்டால், அது இன்னும் நாற்பது மசாலாப் பைக்கற்றைக் கொண்டுவந்து கொட்டும். மும்பையில் லேபிள் செய்பவருக்கும் அதே நாற்பதுதான். பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் உங்கள் தூளைப் போன்ற பைக்கற்றைத் தேடாதீர்கள். உங்கள் லேபிளுக்கு இருக்கும் அதே தொல்லை வேறு எந்தப் பொருளுக்கு இருக்கிறது என்று தேடுங்கள்.

உங்கள் தொல்லை என்ன? இடம் சிறியது. அச்சுக்குக் காசு குறைவு, ஒன்றிரண்டு நிறத்துக்குள் முடிக்க வேண்டும். கடைத் தட்டில் நெருக்கி அடுக்கியிருக்கும்போதும் கண்ணில் பட வேண்டும். சரி, ஒரு காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போங்கள். செத்தல் மிளகாய், வெங்காயம், பருப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கும் தெரு. ஓரமாக நில்லுங்கள், மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரின் வண்டிக்கு வழி விட்டு.

அங்கே ஒரு மிளகாய்ச் சாக்கைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரே நிற மை. சாக்கின் இழையில் மை கசியும் என்பதால் எழுத்தைத் தடிப்பாக வெட்டியிருப்பார்கள். மெல்லிய கோடு ஒன்றுகூட இருக்காது. மூட்டை தோளில் போகும்போது சரிந்திருக்கும், அடுக்கினால் தலைகீழாகவும் இருக்கும். அதனால்தான் பெயருக்கு மேலே ஒரு கிளியோ விளக்கோ. எழுத்தை வாசிக்க நேரமில்லாதவரும், அந்த மொழி தெரியாதவரும் படத்தை வைத்தே மூட்டையைப் பிரித்துவிடுவார். உங்கள் லேபிளுக்கு வேண்டியதில் முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது. கிளியை எடுத்துக்கொண்டு வராதீர்கள், அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை மட்டும் கொண்டுவாருங்கள்.

இதைப் பட்டுத்தான் படித்தேன். அச்சகத்தில் வேலை பழகிய காலத்தில் ஒரு கல்யாண அழைப்பிதழுக்கு ஓரத்தில் ஓடும் ஒரு கொடிக்கரையை அப்படியே பார்த்து வரைந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அதற்கு முந்தின வாரம் வந்திருந்த இன்னொரு அழைப்பிதழிலும் அதே கரை! அன்றைக்கு வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

புறக்கோட்டைக்குப் போனதோடு இரண்டாம் குறுக்குத் தெருவுக்கும் நடந்துவிடுங்கள். சம்மாங்கோட்டுப் பள்ளி, அதுதான் சிவப்புப் பள்ளிவாசல், அங்கே இருக்கிறது. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள். வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை கட்டடக்கலை படித்தவர் அல்லர். தென்னிந்திய வணிகர்கள் கொண்டுவந்து கொடுத்த இந்தோ-சரசெனிக் (இந்திய, இஸ்லாமியப் பாணிகள் கலந்த) கட்டடப் படங்களையும் விவரங்களையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறார். அதாவது அவருக்கும் ஒரு "இதே மாதிரி" வந்திருக்கிறது! ஆனால் சிவப்பும் வெள்ளையுமாக வரியோடும் சுவர்களையும் மாதுளம்பழம் போன்ற குமிழ்களையும் பார்த்தால் யாரும் அதை நகல் என்று சொல்லமாட்டார்கள். கையில் கிடைத்தது அரைகுறைத் தகவலாக இருந்தால் மிச்சத்தை நாமே நிரப்ப வேண்டியிருக்கும் அல்லவா? அந்த நிரப்பலில்தான் நம் கை தெரியும் என்று நினைக்கிறேன். இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். பிடித்த படத்தை ஒரு நிமிடம் பாருங்கள், போனை மூடுங்கள், மறுநாள் காலையில் நினைவிலிருந்து பென்சிலால் வரையுங்கள். மறந்துபோனது போகட்டும்.

நிறத்துக்கு இணையமே வேண்டாம். தூளில் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, யன்னலோரம் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். யாழ்ப்பாணத் தூள் வறுத்து இடிப்பது; அது மசாலா விளம்பரங்களின் பளிச்சென்ற சிவப்பு அல்ல, கபிலம் கலந்த சிவப்பு. பக்கத்தில் வெந்தயத்தையும் கறிவேப்பிலையையும் வைத்தால் துணை நிறங்களும் கிடைத்துவிடும். மண்ணிறக் கடதாசியில் அச்சடிப்பதாக இருந்தால் மட்டும் கவனம்: அதில் மஞ்சள் செத்துவிடும், மற்ற நிறங்களும் ஒரு படி இருண்டே விழும். ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இணையத்தில் தேடத்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் பின்னால் போய்த் தேடுங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் குவிந்து கிடக்கின்றன. கட்டுரைகளை விட்டுவிட்டு அட்டைகளையும் விளம்பரங்களையும் பாருங்கள். கையால் எழுதிய தலைப்பு எழுத்துகளில் ஒரு 'ழ'வின் வால் எவ்வளவு சுதந்திரமாக ஓடுகிறது என்று தெரியும். பார்க்கத்தான், வெட்டி ஒட்ட அல்ல. பலவற்றுக்கு இன்னும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்றால் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. காப்புரிமை காலாவதியான தன் கலைப்பொருட்களின் படங்களை 2017 முதல் வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்த விட்டிருக்கிறது. மிளகு, மஞ்சள் செடிகளின் பழைய ஓவியங்களுக்கு உயிர்ப்பல்வகைமை மரபு நூலகம் (Biodiversity Heritage Library) என்ற இணையத்தளம்.

எழுத்தைப் பற்றி ஒன்று. மூன்று மொழியிலும் பெயர் போடும்போது தமிழ்தான் நீளும், உடனே அதைச் சுருக்கிவிடுவார்கள். நீங்கள் "யாழ்ப்பாணத்" என்று ஒரு வரி, "தூள்" என்று அதற்குக் கீழே பெரிதாக ஒரு வரி போடுங்கள். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக விடுங்கள், இல்லாவிட்டால் 'ழ'வின் வால் கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும்.

அப்புறம், படம் அனுப்பும் வாடிக்கையாளர். அவர்களோடு வாதாட வேண்டாம். "இதில் உங்களுக்குப் பிடித்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். ஊறுகாய் போத்தலுக்கு லேபிள் கேட்டு வந்த ஓர் அம்மா, படத்தில் இருந்த பூவையும் எழுத்தையும் நிறத்தையும் விட்டுவிட்டு, மூடியில் சுற்றியிருந்த சணல் நூலைத் தொட்டுக் காட்டினார். புறக்கோட்டையில் அதை உருண்டையாகவே வாங்கலாம்.