மெம்காப்பியை நாமே எழுதலாமா? கேள்விகளும் பதில்களும்

நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும் பைட்டுகளை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் சி நூலகச் சார்புதான் மெம்காப்பி. அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எல்லாம் சி மொழி, பெரும்பாலும் எக்ஸ்86.

கேள்வி: ஒவ்வொரு பைட்டாக நகலெடுக்கும் மூன்று வரி லூப் எழுதியிருந்தேன். கூட வேலை செய்பவர் அதைப் பார்த்துவிட்டு, எட்டு எட்டு பைட்டாக எடு, ஒரே சுற்றில் பல நகல்கள் நடக்கும்படி லூப்பை விரித்து எழுது என்கிறார். செய்யவா?

வேண்டாம். கம்பைலர் சுமாராக இருந்த காலத்தில் அது நல்ல யோசனைதான். இன்று ஓ2 என்ற வேகப்படுத்தும் கொடியைக் கொடுத்தால் ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டும் உங்கள் மூன்று வரியைப் பார்த்து "இது நகலெடுக்கும் லூப்" என்று கண்டுபிடித்து மெம்காப்பி அழைப்பாகவே மாற்றிவிடும். ஒரே நிபந்தனை, இரண்டு பாயின்டர்களும் காட்டும் இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாது என்று அதற்குத் தெரியவேண்டும். அதைச் சொல்லத்தான் சி99-ல் வந்த ரெஸ்ட்ரிக்ட் என்ற குறிச்சொல். கையால் விரித்து எழுதினால் கம்பைலருக்கு உங்கள் நோக்கம் புரியாமல் போக வாய்ப்பு அதிகம்.

அப்புறம், சார் பாயின்டரை லாங் பாயின்டராக காஸ்ட் செய்து எட்டு பைட்டாக எடுப்பது அலையாசிங் விதியை (ஒரு வகைத் தரவை வேறு வகைப் பாயின்டரால் தொடக்கூடாது என்பதை) மீறும், பாயின்டர் சீரமைந்த முகவரியில் (எட்டின் மடங்கில்) இல்லாவிட்டால் இன்னொரு விதியையும் மீறும். எட்டு பைட் எடுத்தே ஆகவேண்டும் என்றால் அளவு 8 என்று எழுதி மெம்காப்பியையே கூப்பிடுங்கள். அளவு முன்கூட்டியே தெரிவதால் அழைப்பே இல்லாமல் ஒரு லோடு, ஒரு ஸ்டோராக முடிந்துவிடும்.

கேள்வி: சொந்தமாகக் குட்டி கர்னல் எழுதும் மாணவன் அண்ணா. நூலகம் எதுவும் இல்லை, அதனால் மெம்காப்பி என்ற பெயரிலேயே எளிய லூப் எழுதினேன். ஓ2 போட்டதும் அப்படியே தொங்கிவிடுகிறது.

தம்பி, மேலே சொன்னதன் மறுபக்கம் இது. நீ எழுதிய லூப்பை கம்பைலர் அடையாளம் கண்டு மெம்காப்பி அழைப்பாக மாற்றியிருக்கும், ஆனால் நீ எழுதிக்கொண்டிருப்பதே மெம்காப்பி, ஆக அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டு சுற்றுகிறது. டிஸ்அசெம்பிளி (கம்பைலர் உருவாக்கிய இயந்திரக் கட்டளைகள்) எடுத்துப் பார், தெரிந்துவிடும். ஜிசிசியில் "எஃப்நோ-ட்ரீ-லூப்-டிஸ்ட்ரிபியூட்-பேட்டர்ன்ஸ்" என்ற கொடியை அந்த ஒரு கோப்புக்கு மட்டும் கொடு. நூலகம் இல்லை என்று சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் கொடி போட்டாலும் மெம்காப்பி, மெம்மூவ் (ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்களையும் சரியாக நகலெடுப்பது), மெம்செட் (நிரப்புவது), மெம்கம்ப் (ஒப்பிடுவது) நான்கும் உன்னிடம் இருக்கும் என்று ஜிசிசி எதிர்பார்க்கும், எனவே அவற்றை எழுதாமல் தப்பிக்க முடியாது. எக்ஸ்86 மட்டும்தான் என்றால் இன்லைன் அசெம்பிளியில் ரெப் மூவ்எஸ்பி என்ற நகலெடுக்கும் கட்டளை ஒரு வரி போதும், லூப்பே வேண்டாம்.

கேள்வி: அந்த ரெப் மூவ்எஸ்பி மெதுவானது என்றுதானே படித்திருக்கிறோம்?

பழைய புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1978-ல் வந்த 8086-லேயே இருக்கும் கட்டளை அது. நீண்ட காலம் அதைத் தொடங்குவதற்கே செயலிக்குள் இருக்கும் மைக்ரோகோடு நிறைய சுழற்சிகளை எடுத்துக்கொண்டது, அதனால் எல்லோரும் பல பைட்டுகளை ஒன்றாகக் கையாளும் எஸ்எஸ்இ கட்டளைகள் பக்கம் போனார்கள். 2012-ல் இன்டெலின் ஐவி பிரிட்ஜ் செயலிகளில் ஈஆர்எம்எஸ் என்ற வசதி வந்து பெரிய நகல்கள் வேகமாயின, 2019-ல் ஐஸ் லேக்கில் எஃப்எஸ்ஆர்எம் வந்து சிறியவையும் பரவாயில்லை என்றாயின. சிபியுஐடி கட்டளையில் கேட்டால் உங்கள் செயலியில் எது இருக்கிறது என்று சொல்லும். லினக்ஸ் கர்னலில் பயனர் நினைவக நகலுக்கு இருந்த பல வகை அசெம்பிளி நிரல்களை 2023-ல் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் பெருமளவு களைந்தார். எஃப்எஸ்ஆர்எம் இருந்தால் இந்த ஒரே கட்டளை, இல்லாவிட்டால் பொதுவான ஒரு நிரல், அவ்வளவுதான்.

குறையும் உண்டு. சேரிடத்தின் முகவரி மூலத்தின் முகவரியைவிடச் சில பைட்டுகள் மட்டும் கூடுதலாக இருந்தால் இது படுத்துவிடும்.

கேள்வி: அப்படியென்றால் லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் மெம்காப்பி ஏன் அவ்வளவு நீளம்?

அவர்கள் யாருக்கு எழுதுகிறார்கள் என்று பாருங்கள். எந்தச் செயலியிலும், எந்த அளவிலும் ஓடவேண்டும். நடைமுறையில் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை சிறிய அளவுகள், அங்கே நகலெடுப்பதைவிட "எத்தனை பைட்?" என்று முடிவெடுப்பதற்குத்தான் செலவு. எனக்குப் பிடித்த ஒரு உத்தி: அளவு 8-லிருந்து 16-க்குள் என்றால் முதல் 8 பைட்டையும் கடைசி 8 பைட்டையும் ரெஜிஸ்டரில் எடுத்து இரண்டையும் எழுதிவிடுவார்கள். நடுவில் சில பைட்டுகள் இரண்டு முறை எழுதப்படும், எழுதட்டுமே, லூப்பும் இல்லை, மிச்சத்துக்குத் தனிக் கணக்கும் இல்லை. இது எளிமையா, வித்தையா? இரண்டும்தான் என்பேன். கேஷில் (செயலிக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்தில்) அடங்காத பெரிய நகலுக்கு கேஷைத் தொடாமல் எழுதும் கட்டளைகள் தனியாக இருக்கின்றன. இத்தனையும் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷில் இடம் பிடிக்கும் என்பது விலை. மஸ்ல் என்ற சிறிய சி நூலகம் நேர் எதிர்: எக்ஸ்86-64-ல் அதன் மெம்காப்பி சில வரி அசெம்பிளி, உள்ளே ரெப் மூவ்எஸ்க்யூ (அதே கட்டளையின் எட்டு பைட் வடிவம்).

கேள்வி: மெம்மூவ் மெதுவு என்று எல்லா இடத்திலும் மெம்காப்பி போடுகிறோம். ஆபத்தா?

2010-ல் ஃபெடோரா 14 லினக்ஸில் என்ன நடந்தது தெரியுமா? சில செயலிகளில் பின்பக்கத்திலிருந்து நகலெடுக்கும் புதிய மெம்காப்பி ஜிலிப்சியில் வந்தது, 64-பிட் ஃப்ளாஷ் பிளேயரில் ஒலி கரகரக்க ஆரம்பித்தது. ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்களுக்கு ஃப்ளாஷை எழுதியவர்கள் மெம்காப்பி போட்டிருந்தார்கள். விதிப்படி தவறு ஃப்ளாஷுடையது, ஆனால் பயனருக்கு அதனால் என்ன என்று டோர்வால்ட்ஸ் சண்டையே போட்டார். கடைசியில் 2011-ல் ஜிலிப்சி 2.14 மெம்காப்பிக்குப் புதிய சிம்பல் பதிப்பு கொடுத்து, முன்பே கம்பைல் ஆன பழைய பைனரிகளுக்கு மெம்மூவ் நடத்தையையே விட்டுவைத்தது. மெம்மூவின் கூடுதல் செலவு கிட்டத்தட்ட ஒரு ஒப்பீடு. சந்தேகம் இருந்தால் அதையே போடுங்கள்.

கேள்வி: நான் ஏவிஎக்ஸ்2 (எஸ்எஸ்இ-யின் அகன்ற வாரிசு) கட்டளைகளில் எழுதிய மெம்காப்பி நூலகத்தைவிட மூன்று மடங்கு வேகம். பத்து லட்சம் முறை ஓட்டிப் பார்த்தேன்.

ஒரே பஃபர், ஒரே அளவு, பத்து லட்சம் முறை, சரியா? தரவு முழுக்க எல்1 கேஷில் உட்கார்ந்திருக்கும், நிரல் எந்தக் கிளையில் போகும் என்று ஊகிக்கும் பிராஞ்ச் பிரெடிக்டர் எல்லாத் திருப்பத்தையும் மனப்பாடம் செய்திருக்கும். அளவையும் முகவரியையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

(அதே நபர்) கொடுத்தேன். வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மிச்சம் உண்மையாகவே இருக்கலாம். இனி முழு நிரலையும் பெர்ஃப் என்ற அளவிடும் கருவியில் ஓட்டி, மொத்த நேரத்தில் மெம்காப்பியின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். நூற்றில் இரண்டு என்றால் அதை இரண்டு மடங்கு வேகமாக்கி நூற்றில் ஒன்றைத்தான் மிச்சம் பிடிப்பீர்கள், அதற்காக ஒரு அசெம்பிளி கோப்பை ஆயுள் முழுக்கப் பராமரிக்கவேண்டும். நூற்றில் முப்பது என்றால் முதலில் அந்த நகல் எதற்கு என்று பாருங்கள், பாயின்டரைக் கைமாற்றினாலே போதுமாக இருக்கலாம்.

கேள்வி: லூப்பை விரித்து எழுதும் பழைய உத்தியான டஃப் டிவைஸ் இன்னும் பயன்படுமா?

ரசிக்கலாம். 1983-ல் டாம் டஃப் எழுதியது நினைவக நகலுக்கே அல்ல, ஒரே வெளியீட்டு ரெஜிஸ்டருக்குத் தரவைத் தள்ளுவதற்கு. ஸ்விட்ச் நேராக லூப்பின் நடுவே குதிப்பதால் இன்றைய ஆப்டிமைசர் குழம்பும்.

கேள்வி: கார்டெக்ஸ்-எம்0 என்ற சிறிய ஆர்ம் செயலியில் நாலு பைட்டாக நகலெடுத்தால் சில நேரம் மட்டும் ஹார்ட்ஃபால்ட் (செயலி எழுப்பும் பிழை) வருகிறது.

அந்தச் செயலி சீரமையாத முகவரியில் வேர்ட் (நாலு பைட்) படிக்காது, உடனே ஃபால்ட். இரண்டு பாயின்டர்களின் கடைசி இரண்டு பிட்டும் பூஜ்யமா என்று பாருங்கள், இல்லையென்றால் பைட் லூப்புக்குப் போங்கள். ஃப்ளாஷ் நினைவகம் குறைவு என்றால் பைட் லூப்பை மட்டுமே வைத்துக்கொள்வதிலும் தப்பில்லை, சிறு சாதனங்களுக்கான நியூலிப்-நானோ நூலகம் செய்வதும் அதுதான்.